சிவப்புப் பொத்தான்

முதலில் உங்கள் போனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம். காலையிலிருந்து நான்கு தடவை என் கண்ணெதிரே அதைத் திறந்தீர்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. ஊரில் பாதிப் பேர் இந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள். திரையில் எண்ணெய்ப் பிசுக்கு வேறு இருக்கிறது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உங்கள் விரல் போன வழி அப்படியே தெரியும். இன்றைக்கே மாற்றி ஆறு இலக்க எண்ணாக வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பார்த்துவிட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

என் பெயர் பன்னீர்செல்வம், வயது அறுபத்திரண்டு. விருதுநகர்க்காரன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் தகவல் பாதுகாப்பு என் பொறுப்பு. மாற்றலில் கொல்கத்தா வந்தவன், ஓய்வு பெற்றதும் நியூ டவுனில் ஃபிளாட் வாங்கி இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி போய் ஆறு வருடமாகிறது. பதினோராவது மாடியில் எனக்கு எதிர்வீடு பார்த்தசாரதியும் வசுமதியும். என் கதவிலிருந்து ஏழு அடி எடுத்து வைத்தால் அவர்கள் கதவு.

அக்டோபரில், துர்கா பூஜை முடிந்து கீழே பந்தல் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பார்த்தசாரதி அந்த வீட்டில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அதில் எனக்கு என்ன பங்கு என்பது உங்கள் கேள்வி. வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். அது நல்லதாகப் போயிற்று. இங்கிலீஷில் எழுதினால் நான் ஆபீஸ் கடிதம் மாதிரி எழுதிவிடுவேன், பாதி விஷயம் விட்டுப்போகும்.

எங்கள் குடியிருப்பில் இருபத்து மூன்று தமிழ்க் குடும்பங்கள். துறைமுகம், ரயில்வே, ராணுவக் கணக்குத் துறை என்று மத்திய அரசில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள். போனில் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். உங்களுக்கு எப்படியோ, எனக்கு அடுத்தவர் போனைக் கையில் வாங்குவது அடுத்தவர் பல்செட்டைக் கையில் வாங்குகிற மாதிரி. தேங்காய் எண்ணெய், மஞ்சள், முகப்பவுடர், உறையின் ஓரத்தில் கறுப்பாக அழுக்கு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். உள்ளே திறந்தால் அதைவிட மோசம். ஒருநாளைக்கு நாற்பது குட்மார்னிங் ரோஜாப்பூ, யார் அனுப்பியது என்றே தெரியாத இருபது செயலிகள், எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மகன் பெயரும் பிறந்த வருடமும்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரமேஷ்பாபு எங்கள் ஆறாவது மாடியில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஃபைலைத் தட்டி, போன் முழுவதையும் முகம் தெரியாத எவனுக்கோ திறந்துவிட்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாதவன் கல்யாணத்தில் உங்களுக்கு என்ன வேலை என்றேன். “பத்திரிகைன்னு வந்தா பிரிச்சுப் பாக்காம இருக்க முடியுமா சார்?” என்றார். இவர்களோடு நான் பட்ட பாடு இதுதான். வாய் வலிக்கச் சொல்வேன், தலையாட்டுவார்கள், வாசற்படி தாண்டும்போதே மறந்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காக, குடியிருப்பு ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். நாற்பது பேர் வந்தார்கள், வகுப்புக்குப் பின்னால் பொங்கலும் வடையும் இருந்ததால். ஒரு மாதம் உட்கார்ந்து தயாரித்திருந்தேன். லிங்க்கைத் தட்டாதே, ஓடிபி சொல்லாதே, அனுப்பினவனைத் தெரியாவிட்டால் ஃபைலைத் திறக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டிஜிட்டல் அரெஸ்ட்டுக்கு வந்தபோது நிறுத்திச் சொன்னேன். சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது. எவனாவது அப்படிப் பேசினால் சிவப்புப் பொத்தானை அழுத்து, பிறகு சைபர் குற்றத்துக்கான உதவி எண் 1930-க்குப் போன் பண்ணு. கட் பண்ணக் கூச்சமாக இருந்தால் ஏதாவது ஒரு பொய்யைச் சொல், வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு வை. எதுவும் ஓடவில்லையென்றால் பதினோராவது மாடிக்கு வந்து என் கதவைத் தட்டு.

நெஞ்சுவலி என்ற அந்த உதாரணம் என்னுடையதுதான். குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதைச் சொல்லி முடிக்கவில்லை, முன்வரிசையில் வசுமதியின் போன் அடித்தது. எடுத்தார். ஏதோ பார்சல் வந்திருக்கிறதாம். ஹாலில் நாற்பது பேர் நடுவே, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்த அம்மாள் உரக்க ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பக்கத்தில் இருந்த பார்த்தசாரதி திரும்பி, “ஏண்டி, சார் மைக் வெச்சுண்டு ஓடிபி சொல்லாதேங்கறார். நீ மைக்கே இல்லாம சபைக்கே சொல்றியே” என்றார். ஹாலே சிரித்தது. வெகுநேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதி வகுப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வடை வாசனை வந்துவிட்டது.

அடுத்த வாரம் லிஃப்டில் ஒரு குழந்தை என்னை ‘ஓடிபி காக்கு’ என்று கூப்பிட்டது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைவிட வங்காளிதான் சரளம், எல்லா மாமாவும் காக்குதான். பிறகு வாட்ச்மேன் வரைக்கும் அதுவே என் பெயராகிவிட்டது. வைத்தவர் பார்த்தசாரதி என்று தெரியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பது பதிவாக வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் நல்ல மனிதர்கள். ஏகாதசி தவறாமல் எனக்கு ஒரு டம்ளர் பாயசம் வரும். மகள் சஹானாவைப் பார்க்கப் பெங்களூர் போகும்போதெல்லாம் மாற்றுச்சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு சாவி என்னிடமே தங்கிவிட்டது. என் கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும்.

ஆபீசில் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். நாங்களே போலி மெயில் ஒன்று தயாரித்து ஊழியர்களுக்கு அனுப்புவோம். தட்டினவர்களுக்கு, ‘மாட்டிக்கொண்டீர்கள், இது பயிற்சி’ என்று ஒரு பக்கம் திறக்கும். வகுப்பில் தூங்கினவன்கூட ஒரு தடவை இப்படி அசிங்கப்பட்டால் மறுபடி தட்டமாட்டான். சொல்லித் திருந்தாதவர்கள் பட்டால் திருந்துவார்கள். இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில் தப்பு இருப்பதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. யாரிடமும் ஒரு பைசா கேட்கவில்லை. கேட்கிற உத்தேசமும் இல்லை.

செப்டம்பரில் இரண்டு தடவை இந்தியில் முயன்றேன். நாம் தட்டச்சு செய்வதைக் குரலாக்கிப் பேசும் செயலிகள் இப்போது சும்மாவே கிடைக்கின்றன, மேடம். பெண் குரல், ஆண் குரல், எது வேண்டுமானாலும். இரண்டு தடவையும் வசுமதி ‘ராங் நம்பர்’ என்று வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். இவர் உஷாராக இருக்கிறாரா, இல்லை, இந்தி புரியாமல் வைக்கிறாரா? தமிழில் பேசினால்?

இது உங்களுக்குப் புரிய வேண்டும். நாங்கள் இந்த ஊரில் முப்பது வருடமாக மாற்றலில் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். எந்தப் பெரிய ஆபீசிலும் எங்காவது ஒரு தமிழ் அதிகாரி இருப்பார். பாஸ்போர்ட்டுக்கு ஒருவர், பென்ஷனுக்கு ஒருவர், அலிப்பூரில் கோர்ட் வேலைக்கு ஒருவர். அவரைப் பிடித்துவிட்டால் காரியம் நடந்துவிடும். ஆகவே, இந்தி பேசுகிற போலீஸைச் சந்தேகிக்கிறவர்கள், தமிழ் பேசுகிற போலீஸ் வந்தால் சந்தேகிப்பதற்குப் பதில் பெருமாளுக்கு நன்றி சொல்வார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமே விழக்கூடிய குழி அது. என் வகுப்பில் அதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது.

அதிகாரியின் பெயருக்குச் சௌந்தரராஜன் என்று வைத்தேன். சொந்த ஊர் மன்னார்குடி. வசுமதி கும்பகோணம். படத்துக்கு ஓர் ஆபீஸ் அறை, பின்னால் கொடி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்தேன். உங்கள் ஆதார் எண்ணில் அனுப்பிய ஒரு பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது, விசாரணை முடியும்வரை நீங்கள் வீடியோ காவலில் இருக்கிறீர்கள் என்று தட்டினேன். குரல் அதை நிதானமாகச் சொன்னது. நான் தட்டி முடிக்க ஒவ்வொரு பதிலுக்கும் ஐந்தாறு வினாடி ஆகும். அந்த இடைவெளியை அவர் அதிகாரியின் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார். அழுதார். பிறகு கேட்டார், “சார் தமிழா? எந்த ஊர் சார்?”

மன்னார்குடி என்றேன்.

“நல்லவேளை சார். நம்ம பக்கத்து மனுஷாளா வந்தேள். வேற யாராவதா இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்” என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை, மேடம். நிஜமாகவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆகஸ்டில் நாற்பது நிமிடம் கத்தியிருக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர் இவர்.

அடுத்த உத்தரவுகளையும் போட்டேன். உண்மையான திருடன் எதையெல்லாம் செய்வானோ அதையெல்லாம் செய்தால்தானே பயிற்சி. அறைக் கதவைச் சாத்துங்கள். கணவரிடம் சொல்லக்கூடாது. கணவரின் போனையும் வாங்கி அணைத்துவிட்டு என் கண் படும்படி மேஜையில் வையுங்கள். இன்டர்காம் ஒயரைக் கழற்றுங்கள். எல்லாம் செய்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் என்பதால், கதவு சாத்தியிருப்பதும் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்பதும் அந்த வீட்டில் சகஜம். தன் போனில் ஏதோ கோளாறு, வகுப்புக்கு உங்கள் போன் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

பிறகு அனுமதி கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் குடிக்கலாமா. பாத்ரூம் போகலாமா. குக்கரை இறக்கிவிட்டு வரலாமா. சாதம் வடித்துப் போட்டுவிட்டு வரலாமா. ஒவ்வொன்றுக்கும் போனின் முன்னால் கைகட்டி நின்று கேட்பார். கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும், இதோ இப்போது கட் பண்ணிவிடுவார், இப்போது எதிர்வீட்டுக்கு ஓடிவந்து என் கதவைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. சமையலறைக்குப் போனவர், போட்ட வேலையை முடித்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, “வந்துட்டேன் சார்” என்பார்.

பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவது என்பது என் திட்டம். ‘இது பயிற்சி. நீங்கள் தேறவில்லை’ என்ற வாக்கியம் தட்டித் தயாராக இருந்தது. ஏன் அனுப்பவில்லை என்று நேற்று கேட்டீர்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. ஒரு மனுஷி எத்தனை நேரம் இப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. தயிர்சாதம் பிசைந்து எடுத்துவந்து, மேஜையிலேயே சாப்பிட்டபடி பார்த்தேன்.

இரண்டே முக்காலுக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பார்த்தசாரதி உள்ளே வந்து ஏதோ சொன்னார், சரியாகக் கேட்கவில்லை. வசுமதி போனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“சார், எங்காத்துக்காரருக்கு நெஞ்சை வலிக்கறதாம். டாக்டருக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா?”

எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படி எழுதுவது? நெஞ்சுவலி. நான் சொல்லிக்கொடுத்த அதே பொய். வகுப்பு வீணாகவில்லை, ஒருவர் காதிலாவது விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். சொல்லிவிட்டீர்கள், சரி, இப்போது பொத்தானை அழுத்துங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, ‘அனுமதி இல்லை’ என்று தட்டினேன். அவரே கட் பண்ண வேண்டும் என்பதற்காக.

நேற்று வாய்மொழியாகச் சொன்னபோது இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். பொய் என்று நினைத்துவிட்டேன், அதனால்தான் அப்படி ஆயிற்று என்றேன். அது முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டும் உண்மை.

வசுமதி போனை எடுத்துக் கணவர் பக்கம் திருப்பினார். அதிகாரி நம்பவில்லை, ஆதாரம் காட்டினால் நம்புவார் என்று நினைத்திருக்கிறார். பார்த்தசாரதி பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். “யாருடி அது?” என்றார். மனைவி காதருகில் குனிந்து ஏதோ சொன்னார். அவர் துறைமுக ஆபீசில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர், ஒருநாள்கூடப் பெர்மிஷன் எழுதிக் கொடுக்காமல் சீட்டை விட்டு எழுந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். போனைப் பார்த்தார். எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை.

“தமிழ் ஆபீசர்தானே? கேளு. கேட்டுட்டே கூப்பிடு” என்றார்.

அது நடிப்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் மனைவி போகும்போது முகத்தில் அதே நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை கேட்டார்கள். இரண்டு தடவை வசுமதி, ஒரு தடவை பார்த்தசாரதியே. மூன்று தடவையும் ‘அனுமதி இல்லை’ என்று தட்டியது நான்தான். கை தவறிப் படவில்லை. வசுமதியின் கட்டைவிரலுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தது, திரையில் அவர் விரல் நிழல் தெரிந்தது. அழுத்தமாட்டாரா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு குரல் சொன்னதற்காக அழுத்தாமல் இருப்பாரா? இருந்தார். சாவி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு அடி. நான் எழுந்திருக்கவில்லை. உங்களிடம் இருக்கும் பதிவில் நெஞ்சுவலி என்றதிலிருந்து அழைப்பு முடியும்வரை பன்னிரண்டு நிமிடம் என்று இருக்கும், அது சரிதான். கடைசி நான்கு நிமிடம் பார்த்தசாரதி பேசவில்லை.

அழைப்பை முடித்ததும் நான்தான்.

மூன்று நிமிடம் கழித்து வசுமதி என் கதவைத் தட்டினார். மறுபடி அழைப்பு வருமோ என்று அந்த மூன்று நிமிடமும் காத்திருந்திருக்கிறார். கதவைத் திறந்தேன்.

“பன்னீர் சார், ஆபீசர் லைன் கட்டாயிடுத்து. நான் கட் பண்ணலை சார், தானா போயிடுத்து. நீங்க அவர்ட்ட சொல்லுங்கோ” என்றார். பிறகு, “இப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா?” என்றார்.

கூப்பிட்டேன். சஹானாவுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி, சான்றிதழ், சுடுகாட்டுக்கு வண்டி, எல்லாம் பார்த்துக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொந்தத் தம்பி மாதிரி நின்றார் என்று.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சஹானா புகார் கொடுத்தபோதுகூட நான் பயப்படவில்லை. ஆனால் அந்தப் போலிக் கணக்கை ஆரம்பிக்கும்போது, பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கு என்று என் சொந்த எண்ணையே கொடுத்திருக்கிறேன். பழக்க தோஷம். புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் செய்யமாட்டான். அதை நீங்கள் என் முன்னால் வைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இந்த மொத்த விவகாரத்திலும் நான் தலைகுனிய வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இன்னும் ஒன்று எழுதினால் முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வருவதற்கு முந்தின நாள், ஹாலில் மறுபடி வகுப்பு எடுத்தேன். சங்கத்தார் அவர்களாகவே கேட்டார்கள். இந்தத் தடவை டிபன் கிடையாது, ஆனாலும் ஐம்பத்து நான்கு பேர் வந்தார்கள். ரமேஷ்பாபு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். பெயர் சொல்லாமல் நடந்ததை விவரித்தேன். யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. வசுமதி முன்வரிசையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சிவப்புப் பொத்தானுக்கு வந்தபோது அவர் போன் அடித்தது. திரையில் சஹானாவின் படம் வந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “சார், எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

நான் தலையசைத்த பிறகுதான் எடுத்தார். ஹாலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, மேடம்.